லெட்சுமணனின் சிறுநீர்ப்பை

சாஆ,
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பி சாதிக்குக்கு உன் லாத்தா ஜாஹிதாவின் ஸலாம். உனக்கும் ஹபீபாவுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல உடம்பைத் தரட்டும். எனக்கு மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மற்றபடி குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ காரில் ஏறிக் கதவைச் சாத்தினாய். பிறகு கண்ணாடியை இறக்கி ஒன்று கேட்டாய். "லாத்தா, கிட்னியில இருந்து வர்ற குழாயும் வெளிய போற குழாயும் ஒண்ணா, வேற வேறயா?" ஆரம்பப்பள்ளியில் இத்தனை காலம் அறிவியல் நடத்தியவளுக்கு, வாசலில் வந்து இப்படி ஒரு கேள்வி. சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "எனக்கில்ல, நம்ம லெட்சுமணனுக்கு. டாக்டர் சொல்றது ஒண்ணும் புரியலயாம்" என்றாய். காலையிலேயே உன் கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் லோரிக்காரர் லெட்சுமணன்தானே? உன் போன் மகன் ரபீக்கிடம் இருக்கிறது, கடை ஆர்டர் எல்லாம் அதில்தான் வருகிறது, அதனால் கடை விலாசத்துக்குக் கடிதமாகப் போடுங்கள் என்றும் சொன்னாய். சரி, போடுகிறேன்.

இரண்டும் வேறு வேறு குழாய்கள். உன் கடையையே எடுத்துக்கொள். தேத்தூளை வடிகட்டும் துணிப்பை இருக்கிறதே, அந்த வேலையைச் செய்பவை முதுகுப் பக்கம் விலா எலும்புக்கு அடியில் இரண்டு. அவைதான் சிறுநீரகங்கள். இரத்தத்தை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாததைத் தண்ணீரோடு கீழே அனுப்பும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. அது சிறுநீர் நாளம். இரண்டு நாளங்களும் வந்து சேரும் இடம் சிறுநீர்ப்பை. நீ தே போங்கோஸ் ஊற்றி ரப்பர் போட்டுக் கொடுப்பாயே, அந்தப் பை மாதிரி. ஊற்ற ஊற்ற விரியும், வாய் மட்டும் இறுகியிருக்கும். அந்த வாய் திறந்தால் வெளியே போகிற ஒற்றைக் குழாய் சிறுநீர்ப் புறவழி. மேலே இரண்டு, கீழே ஒன்று. லெட்சுமணனை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்.

நான் போட்டுக் கொடுத்த தேநீரை நீ தொடவே இல்லையே. சீனி கூடிவிட்டதா?

துஆவுடன்,
லாத்தா


பத்து பாகாட்,
27 அக்டோபர் 2024

லாத்தாவுக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு ஹபீபா தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

கடிதத்தைக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் படித்தேன். லெட்சுமணனிடமும் சொன்னேன். போங்கோஸ் உதாரணம் அவனுக்குப் பிடித்தது. ஆனால் அவனுடைய பை முழுதாகக் காலியாவதே இல்லையாம். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் வருகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய் நின்றால் வருவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறானாம்.

கிளினிக்கில் இருப்பது மலாய்ப் பெண் டாக்டர். நம்ம மகள் ஷாஸியா வயதுதான் இருக்கும். "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து எதைன்னு சொல்றது பாய்?" என்கிறான். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் சின்னப் பிள்ளையில் சொன்னவை, இல்லாவிட்டால் லோரி ஷெட்டில் பேசுகிறவை. மலாயில் மூத்திரத்தைக் 'கென்சிங்' என்று சொல்லவும் கூசுகிறது. போன தடவை "என்ன பிரச்சினை பக்சிக்?" என்று அந்தப் பெண் மாமா முறை வைத்துக் கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மரியாதையாகச் சொல்ல வார்த்தை இருந்தால் எழுதுங்கள் லாத்தா.

சீனி சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிறு நிறைந்திருந்தது.

உங்கள் தம்பி,
ஜெகபர் சாதிக்


சாஆ,
9 நவம்பர் 2024

தம்பிக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அன்று வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதற்கு முன்னால் நான் ஒரு வாக்கியம் சொல்லித் தருவேன். "டீச்சர், நான் கழிவறைக்குப் போகலாமா?" அவ்வளவுதான். முதல் வாரத்தில் நாற்காலியை நனைக்கிற பிள்ளைகள் அடக்கத் தெரியாதவர்கள் அல்லர். எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்கள். வாக்கியம் கையில் கிடைத்த பிறகு பெரும்பாலும் நனைப்பதில்லை.

லெட்சுமணனுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும். 'கென்சிங்' என்று சொல்லத் தேவையில்லை. மலாய்க்காரர்களே பெரியவர்கள் முன்னால் 'புவாங் ஆயர் கெச்சில்' என்றுதான் சொல்கிறார்கள். முழுதாகப் போகவில்லை என்பதற்கு 'தா லாவாஸ்'. சொட்டுகிறது என்பதற்கு 'மெனித்திஸ்'. தமிழ் தெரிந்த நர்ஸ் இருந்தால், 'சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை' என்று சொல்லட்டும். இதில் கொச்சை எங்கே இருக்கிறது?

காரணம் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியாக இருக்கும். ஆண்களுக்கு மட்டும் உள்ளது, புறவழி தொடங்கும் இடத்தைச் சுற்றி இருக்கும். வயது ஏறினால் பருக்கும். குழாய்க்குள் ரப்பர் வாஷர் உப்பிப்போனால் தண்ணீர் நூல் மாதிரி வருமே, அந்தக் கதைதான்.

ஹபீபா நேற்றுப் போன் செய்தாள். நீ பள்ளிவாசலுக்குப் போவதில்லையாமே, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூட? முதல் வரிசையில் உன் இடத்தை யாரும் எடுத்ததில்லை என்று வாப்பா பெருமையாகச் சொல்வார். கமிட்டி ஜுனைத்தோடு ஏதாவது மனத்தாங்கலா?

லாத்தா


பத்து பாகாட்,
1 டிசம்பர் 2024

லாத்தாவுக்கு ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் கூட்டம். உங்கள் பக்கம் வெள்ளம் ஏறியதா?

லெட்சுமணன் வார்த்தைகளை மனப்பாடம் செய்துவிட்டான். இன்னும் டாக்டரிடம் போகவில்லை. அதற்கு முன்னால் அவனுக்குச் சில விஷயம் தெரிய வேண்டும்.

எல்லாம் முடிந்து, கழுவி, எழுந்து வந்த பிறகும் ஒரு சொட்டு வருகிறது. சில நாள் குனியும்போது வருகிறது. அது பையிலிருந்து வருகிறதா, குழாயில் தங்கியதா? எவ்வளவு நேரம் காத்திருந்தால் அது வராது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்? கை, முகம், கால் எல்லாம் கழுவி முடித்த பிறகு வந்தால், மறுபடியும் முதலிலிருந்தா? ஒரு நாளைக்கு எத்தனை கைலிதான் மாற்றுவான் லாத்தா.

இப்போது தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்க்கிறான். மதியத்துக்குப் பிறகு ஒரு மடக்குக்கூட இல்லை. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது. அது சரிதானே?

தம்பி


சாஆ,
8 டிசம்பர் 2024

தம்பிக்கு ஸலாம். கடிதம் நேற்றுத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன். வெள்ளம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் சுகம்.

அது சரியில்லை. லெட்சுமணனிடம் சத்தமாகச் சொல். தண்ணீர் உள்ளே போகாவிட்டாலும் சிறுநீரகம் வேலையை நிறுத்தாது. இருக்கும் கொஞ்சத்தையே சுண்டக் காய்ச்சி அனுப்பும். அது எரியும், கிருமி பிடிக்கும், கல் கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உன் கடைப் பின்கட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் மேலே ஏறி வருமே! பை காலியாகாமல் தேங்கினால் அது நாளங்கள் வழியாக மேலே தள்ளிச் சிறுநீரகத்தையே வீங்க வைக்கும். வலிக்காமலே கெட்டுவிடலாம். அவர் இந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும்.

அந்தச் சொட்டு குழாயில் தங்கியதாகவும் இருக்கலாம், பை நிறைந்து வழிவதாகவும் இருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும் என்று நான் சொல்ல முடியாது.

இன்னொன்று. இங்கே எங்களுக்குப் பாடம் நடத்தும் உஸ்தாதாவிடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். சொட்டு நிற்காதவர்கள் தொழுகையை விட்டுவிட வேண்டுமா என்று. "யார் சொன்னது?" என்று கோபித்துக்கொண்டார். சுத்தம் செய்து, துணி கட்டிக்கொண்டு, தொழுகை நேரம் வந்த பிறகு கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்து தொழ வேண்டியதுதானாம். அவர்களுக்கு அதுதான் தொழுகை, அல்லாஹ் தாங்க முடியாததைக் கேட்பதில்லை என்றார். உங்கள் இமாமிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

லெட்சுமணனுக்குப் போகிற கடிதத்தில் இதை ஏன் எழுதினேன் என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

லாத்தா


சாஆ,
5 ஜனவரி 2025

தம்பிக்கு ஸலாம். புத்தாண்டு பிறந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் போட்டவள் போன் செய்தால் ரபீக் எடுக்கிறான். "வாப்பா பிஸி மாமி" என்கிறான். நீ பக்கத்தில்தான் நிற்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது.

உன்னைக் கோபித்து எழுதவில்லை. ஒரு விஷயம் சொல்ல எழுதுகிறேன். போன வருஷம் சிகாமட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு விருந்து வைத்தார்கள். யாரோ ஒரு நகைச்சுவை சொன்னார்கள், நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பில் நனைந்துவிட்டது. நாற்காலியும் நனைந்தது. என் மாணவி பிரேமலா, இப்போது தலைமையாசிரியை, மேடைக்கு வாங்க டீச்சர் என்று கையைப் பிடித்து இழுத்தாள். கால் மரத்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்தே இருந்தேன். மாலையை என் இடத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். எல்லாரும் போகும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். தொழுகையில் இருக்கிறேன் என்று நினைத்து, நாற்காலி அடுக்க வந்தவர்கள்கூட விலகிப் போனார்கள். மரியாதையாக.

மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே கொஞ்சம் இருந்தது. இப்போது இருமினால், தும்மினால் வருகிறது. பைக்கு அடியில் தாங்குகிற தசைகள் தளர்ந்துவிட்டன என்று டாக்டர் சொன்னார், பயிற்சி கொடுத்தார், செய்கிறேன். வெளியே போகும்போது பேட் வைத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

லெட்சுமணனிடம் சொல்லாதே.

லாத்தா


பத்து பாகாட்,
19 ஜனவரி 2025

லாத்தாவுக்கு ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று தே கலக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன். காயம் ஆறிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜுனைத் கடைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். உட்கார்ந்து அதை மேசை மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "பாய், போன நோன்புல கஞ்சி அண்டா விஷயத்துல நான் நாலு பேர் முன்னால சத்தம் போட்டுட்டேன். அதுக்காக நீங்க பள்ளிக்கே வராம இருக்கீங்கன்னு எல்லாரும் பேசுறாங்க. என் மேல தப்புத்தான். மாப் பண்ணிருங்க."

அவர் சத்தம் போட்டது எனக்கு ஞாபகம்கூட இல்லை லாத்தா. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், பிறகு ஏன் வரவில்லை என்று கேட்பார். "பரவால்ல ஜுனைத், விட்டுருங்க" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி தோளில் தட்டியும் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஹபீபா கேட்டால் நோன்புக்கு என்று சொல்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி


சாஆ,
26 ஜனவரி 2025

தம்பிக்கு ஸலாம். கைக்கு மருந்து போட்டாயா?

ஜுனைத்திடம் எல்லாவற்றையும் விரித்துச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு உடம்பு சரியில்லை, உங்கள் மேல் ஒன்றும் இல்லை" என்றால் போதும். ஆனால் அதைச் சொல்லாமல் இருக்காதே. செய்யாத தப்பை அவர் சுமந்துகொண்டு திரிகிறார். நீயும் ஒன்றைச் சுமக்கிறாய். இரண்டையும் ஒரே மூச்சில் இறக்கிவிடலாம்.

டாக்டர் விஷயம். நான் பஸ் ஏறி வந்து உன் கூடவே உட்காரவும் தயார். ஆனால் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ மறுபடியும் முழங்கால் வலி என்று சொல்வாய். அதனால் தனியாகப் போ, இல்லாவிட்டால் நண்பனோடு போ. கடை சாத்திய பிறகு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. முதல் தடவை பாதியில் நின்றுவிடும். நாலாவது தடவை அது வெறும் வாக்கியமாகிவிடும். வகுப்பில் நான் பார்த்தது அது.

இந்தக் கடிதத்தில் லெட்சுமணன் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

லாத்தா


பத்து பாகாட்,
16 பிப்ரவரி 2025

லாத்தாவுக்கு ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போனேன். ரபீக்கிடம் சொல்லக் கூச்சம், அதனால் லெட்சுமணனைத்தான் வண்டி ஓட்டச் சொன்னேன். கவுண்டரில் "யாருக்கு?" என்று கேட்டார்கள். பழக்கதோஷம், என் கை லெட்சுமணனைக் காட்டிவிட்டது.

"அலமாக்! எனக்கா? நான் டிரைவர்லா!" என்று கத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதிய கடிதங்கள், போங்கோஸ் பை, எல்லாம். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "ஏன் பாய், அப்ப இத்தன மாசமா ஒங்க அக்காகிட்ட மூத்திரக் கோளாறு எனக்குத்தானா? இனிமே எப்படி சாஆ பக்கம் நான் லோரி ஓட்டுறது?" சிரித்துவிட்டு, அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "ரொம்ப கஷ்டமா பாய்?" அதற்குத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே பெண் டாக்டர். "முழங்கால் எப்படி பக்சிக்?" என்றாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "டாக்டர், சாயா புவாங் ஆயர் கெச்சில் தா லாவாஸ்." அவள் ஆச்சரியப்படவே இல்லை லாத்தா. எழுதிக்கொண்டே "எவ்வளவு காலமா?" என்றாள். இரண்டு வருஷம் என்றதும்தான் பேனாவை வைத்தாள். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். சாயங்கால அஸருக்கு எடுத்த ஒளு இரவு இஷா வரை நிற்க வேண்டும் என்று குடிப்பதில்லை என்றேன். அப்போதுதான் கோபம் வந்தது. "ஒளுவைக் காப்பாத்தினீங்க சரி, கிட்னியை யாரு பக்சிக் காப்பாத்துறது?" அந்த ஒளுவும் நிற்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொட்டு வர ஆரம்பித்ததிலிருந்து எந்தத் தொழுகையிலும் எனக்கு நிச்சயம் இல்லை. அதனால்தான் பள்ளிக்கும் போகவில்லை. இத்தனை பேர் சுத்தமாக நிற்கும் இடத்தில் எப்படிப் போய் நிற்பது?

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் எழுதியதுதான். மேலே தள்ளி, வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. இன்னும் கெடவில்லை, ஆனால் வரும் நோன்பையும் இப்படியே கழித்தால் கெட்டுவிடும் என்றார்கள். சிறுநீர் வடிய டியூப் போட்டிருக்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பிறகு ஆபரேஷன் வேண்டுமா என்று பார்ப்பார்களாம். தொடையில் ஒரு பை கட்டிக்கொண்டு, மேலே கைலி உடுத்தியிருக்கிறேன். நடந்தால் உள்ளே அசைகிறது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரியே இருக்கிறது. ஹபீபா பார்த்துவிட்டு, "இத்தன நாள் கைலிய நீங்களே தொவச்சது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

ஜுனைத்திடம் நேற்றுச் சொன்னேன். பேரீச்சம்பழப் பெட்டியை முன்னால் வைத்து, "இதை வாங்கிக்க எனக்கு யோக்யதை இல்ல" என்றேன். "நான் ஒரு மாசம் தூங்கல பாய்" என்றார். கோபம்தான். நியாயம்தானே. ஆனால் போகும்போது திரும்பி, "இமாமைக் கேட்டுட்டுச் சொல்றேன். கடைசி வரிசையில, கதவோரமா ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்றார். முதல் வரிசையில் நின்றவன் லாத்தா நான். அந்த நாற்காலிக்கு நடந்து போக வேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்கிறாள். மக்கை எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைகிறது, எனக்குக் கேட்கிறது.

தம்பி


சாஆ,
23 பிப்ரவரி 2025

என் தம்பிக்கு ஸலாம். உண்மையான நலம் விசாரிப்புக்கு உண்மையான பதில் வந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு நன்றி.

வெட்கம் போய்விடும் என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொய்யாகிவிடும். எனக்கு இன்னும் போகவில்லை. இன்றும் நாற்காலியை விட்டு எழுந்தால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். ஆனால் இரவில் அதை நினைத்து விழித்துக் கிடப்பது குறைந்திருக்கிறது. உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட பிறகுதான் குறைந்தது.

தொடையில் இருக்கும் பையைப் பற்றி. அது புதிதாக வந்த ஒன்று இல்லை. நமக்கெல்லாம் உள்ளே இருப்பதுதான். உன்னுடையது கொஞ்ச நாளைக்கு வெளியே இருக்கிறது. நிறைகிற சத்தம் கேட்டால் மேலே இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். இத்தனை மாதமாக நாம் எழுதிக்கொண்டதெல்லாம் அதைப் பற்றித்தானே.

வரும் வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் போய் உட்கார். ஜுனைத் போட்டு வைத்தது காலியாக இருந்தால் அவருக்கு இரண்டாவது தடவையும் வருத்தம். ஹபீபாவிடம் ஒன்றும் விளக்காதே, ஒரு நாள் உன் கைலியை அவளிடம் துவைக்கக் கொடு. நோன்பைப் பற்றி டாக்டரிடம் கேள், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். லெட்சுமணனுக்கு என் விசாரிப்பைச் சொல். அவர் இந்தப் பக்கம் லோரி ஓட்டி வந்தால் தேநீர் உண்டு. நீ அன்று தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டுப் போன மக்கிலேயே தருகிறேன்.

இதைப் படித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வை. ஒரு மக் தண்ணீர் எடு. உட்கார்ந்து, மூன்று மூச்சில், முழுவதும் குடி.